குறுநாடகமும் தனிமொழியும் : குற்றாலச் சாரல் காட்டும் பாராட்டு நெறி

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பலரும் பெருநாடகங்களையே அடியொற்றிச் சென்றுள்ளனர். ஐந்து அங்கங்கள் கொண்டதோ, விடிய விடிய நடைபெற்றதோ, நூல் வடிவில் பருமன் உடையதோ அன்றி நாடகம் என மதிக்கப் பெறாத நிலை ஒன்று நெடுநாளாக நிலவி வருகின்றது. ஓரங்க நாடகமும், ஒருவரே நின்று பேசும் தனிமொழியும் பெருநாடகத்தின் துணுக்குகளாகவே எண்ணப்பட்டன. அவற்றைச் சுவைத்துப் பாராட்டியவர் எவர், எந்நெறியிற் பாராட்டினர் என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை.

இவ்வினாவிற்கு விடை காண்பதற்குத் தென்காசியை அடுத்துள்ள சிறு நிலப்பகுதி ஒன்று யாம் எண்ணியதினும் மிகுதியாக உதவுகின்றது. குத்துக்கல்வலசை, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் என ஊர்கள் அணித்தணித்தே அமைந்த இச்சாரல் நிலம், 2019-இல் திருநெல்வேலியினின்றும் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் அடங்கும். மேலகரத்துப் புலவர் ஒருவர் குறவஞ்சி நாடகம் இயற்றியதும், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதனைக் காதாற் கேட்டு மகிழ்ந்த கூட்டமொன்று குற்றாலத்திற் கூடியதும் இந்நிலத்திலேயே ஆகும். குறுநாடகத்தையும் தனிமொழியையும் உள்ளவாறு உணர்ந்து பாராட்டியோருள் அத்தொழிலில் தாமும் ஈடுபட்ட உடன்கலைஞரே முற்பட நின்றனர் என்பதும், அவர்தம் பாராட்டின் அளவுகோல் ‘கூற்று’ என நம் முன்னோர் வகுத்ததே என்பதும் இக்கட்டுரையான் நிறுவப்பெறும்.

1. உடன்கற்றோன் உரிமை

ஒரு நூலைப் பாராட்டி உரைக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்பதனை நம் இலக்கண நூலார் வரையறுத்துள்ளனர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்னும் கொள்கையின்படி, நூலாசிரியன் தன் நூற்குத் தானே சிறப்புப்பாயிரம் செய்தல் மரபன்று. அதனைச் செய்தற்குரியர் நால்வர் என நன்னூல் கூறும். ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்பார் அந்நால்வர். இவருள் உடன்கற்றோன் இடம்பெற்றமை உற்றுநோக்கற்பாலது. ஆசிரியன் மேலிருந்து மதிப்பிடுவான். மாணாக்கன் கீழிருந்து வியப்பான். உரைகாரன் பின்னிருந்து விளக்குவான். உடன்கற்றோன் ஒருவனே ஒத்த நிலையில் நின்று, தான் அறிந்த தொழிலின் அருமையைத் தன் தோழன் எங்ஙனம் கடந்தான் என்று கூறவல்லவன்.

அச்சிறப்புப்பாயிரத்தில் அமைதற்குரியனவாகக் கூறப்பட்ட எட்டும் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவாம். இவற்றுள் புகழுரை என ஒன்றில்லை. நூல் எங்கிருந்து வந்தது, யார் கேட்டற்கு உரியர், கேட்டார்க்கு என் பயன் என்னும் செய்திகளே பாராட்டு எனக் கருதப்பட்டன. பிற்காலத்துப் பெருகிய சாற்றுகவிகள் இந்நிலையினின்றும் வழுவின. எந்நூற்கும் பொருந்தும் புகழ் எந்நூற்கும் பொருந்தாது. உடன்கலைஞர் பாராட்டு ஒருவரையொருவர் முகமன் கூறிக்கொள்ளும் வழக்காகச் சுருங்கிவிடும் இடர் அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது. ஆதலின், உண்மைப் பாராட்டினை முகமனினின்றும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்று வேண்டும்.

2. கூற்று என்னும் அளவுகோல்

அவ்வளவுகோல் தொல்காப்பியச் செய்யுளியலிற் கிடக்கின்றது. திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை என அங்கு எண்ணப்படும் உறுப்புகளை நாடகம் எழுதுவோன் ஒருவன் நோக்குவானாயின், தன் தொழிற்கருவிகள் அனைத்தும் அங்கு அடுக்கி வைக்கப்பட்டிருத்தலைக் காண்பான். பேசுவோர் யார்? கேட்போர் யார்? எவ்விடத்து, எப்பொழுது பேசுகின்றனர்? பேச்சினால் விளைவது யாது? பேசாது எஞ்சி நிற்பது யாது? ஓரங்க நாடகம் எழுதுவோர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளும் வினாக்கள் இவையே.

அகப்பாடல்கள் தனித்தனிக் கூற்றுகளாக அமைந்தமையால், ஒவ்வொன்றும் ஒரு சிறு நாடகத்தின் ஒரு கணத்தைக் காட்டுகின்றது. தலைவி தோழிக்குக் கூறுவாள் போலத் தலைவன் சிறைப்புறத்தான் ஆகக் கேட்பிக்கும் துறையில், கூறுவோர், கேட்போர், ஒட்டிக் கேட்போர் என மூவர் அரங்கில் உள்ளனர், பேசுபவரோ ஒருவரே. மேலும், மறுமொழி கூறாப் பொருள்களாகிய ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, புள் முதலியவற்றை நோக்கிப் பேசுதலும் மரபென்று தொல்காப்பியர் உடன்படுகின்றார். கேளாத பொருளைக் கேட்பது போலக் கொண்டு பேசுதல் தனிமொழியின் உயிர்நிலை ஆகும். ஆதலின் தனிமொழி மேனாட்டு நாடகங்களைக் கற்ற பின்னரே தமிழிற் புகுந்தது என்பார் கூற்று முழுதும் ஏற்கற்பாலதன்று. அரங்கில் தனித்து நின்று நெடிது பேசும் உத்தி அங்கிருந்து வந்தது எனலாம். பேச்சையே நாடகமாகக் கொள்ளும் உணர்வு இங்கு முன்பே இருந்தது.

3. மலைக்கு இப்பாலும் அப்பாலும்

குற்றால மலைக்கு அப்பால் உள்ளது பண்டைச் சேரநாடு. சேரன் செங்குட்டுவன் முன்னர்ப் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய கொட்டிச்சேதத்தைச் சிலப்பதிகாரம் நடுகற் காதையிற் காட்டுகின்றது. உமையொரு பாகனாக நின்று ஒருவனே ஆடினான். இறைவன் பாகம் அசைய, உமையவள் பாகத்து அணிகள் அசையாது நின்றன. ஒருவன் உடலே இருவர்க்கு அரங்காகிய அக்கலையைக் காப்பியப் புலவர் நுணுகி நோக்கி, அசைந்தது இது, அசையாதது இது எனப் பிரித்துரைக்கின்றார். புகழ்ச்சொற்களை அடுக்குதலினும் இவ்வாறு கண்டதனைக் கூறுதலே மிக்க பாராட்டு ஆதல் காண்க.

கேரளத்துச் சாக்கையர் தம் கூடியாட்டத்தில் ஒரு நாடகத்தின் ஓர் அங்கத்தையே தனி நாடகமாகக் கொண்டு பல இரவுகள் ஆடுவர். அதனுள் ‘நிர்வகணம்’ என்னும் பகுதியில், பாத்திரம் ஒன்று தனித்து நின்று தன் முன்வரலாற்றைக் கை முத்திரைகளாலேயே விரித்துக் காட்டும். சொல்லின்றி நிகழும் தனிமொழி என அதனைக் கூறலாம். இம்மரபு காத்த ஏடுகளே வடமொழிக் குறுநாடகங்கள் பலவற்றை உலகிற்கு மீட்டுத் தந்தன. திருநெல்வேலியை அடுத்த தருவையிற் பிறந்த த. கணபதி சாத்திரியார் (1860–1926) திருவனந்தபுர வடமொழி நூல் வரிசையில் 1912 முதல் பாசன் நாடகங்கள் எனப்படுவனவற்றை வெளியிட்டார். அவற்றுட் கருணபாரம், ஊருபங்கம் முதலியன ஓரங்க நாடகங்கள். அவையனைத்தும் பாசன் இயற்றியனவோ என்பது பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவற்றின் நாடகத் திறம் அவ்வழக்கினாற் குன்றுவதன்று.

காளிதாசன் தன் மாளவிகாக்கினிமித்திரத்தின் தொடக்கத்திற் பாசன், சௌமில்லன், கவிபுத்திரன் என்னும் முன்னோரைப் பெயர் சுட்டுகின்றான். புகழ் பெற்ற அவர் நாடகங்கள் இருக்கப் புதியவன் நாடகத்தை ஆடுவது ஏன் என ஒருவன் வினவ, பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது என்னும் கருத்தில் விடை அமைகின்றது. முன்னோர்க்குரிய மதிப்பும், தனக்கு ஓரிடம் வேண்டும் என்னும் துணிவும் ஒருங்கே அமைந்த உடன்கலைஞர் பாராட்டிற்கு இது பழஞ்சான்று.

தமிழ்நாட்டகத்தே இதனினும் வியத்தகு சான்று ஒன்றுண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் ஓரங்க நகை நாடகம். அதனையும் கணபதி சாத்திரியாரே 1917-இல் பதிப்பித்தார். மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில், சிதைவுகளுக்கிடையே மத்தவிலாசமும் பகவதஜ்ஜுகமும் பெயர் குறிக்கப்பட்டுள்ளன. பகவதஜ்ஜுகத்தை இயற்றினோன் மகேந்திரனே என்பாரும், போதாயனன் என்னும் பிறிதொருவன் என்பாரும் உளர். பின்னவர் கருத்தே பொருந்துமாயின், அரசன் ஒருவன் தன் குறுநாடகத்தோடு பிறன் குறுநாடகத்தின் பெயரும் ஒரே கல்லில் நிற்க இசைந்தான் என்பது பெறப்படும். முன்னவர் கருத்துப் பொருந்துமாயினும், வெற்றிகளையும் கொடைகளையும் பொறிக்கும் கல்லில் இரு நகை நாடகங்கள் இடம் பெற்றமை குறுநாடகத்திற்கு அக்காலத்து இருந்த மதிப்பினைப் புலப்படுத்தும்.

4. குறவஞ்சியுள் அமைந்த குறுநாடகங்கள்

இனி மலைக்கு இப்பால் வருவாம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி ஒரு முழு நாடகம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் கட்டமைப்பினை நோக்குவார்க்கு, அது தனிமொழிகளாலும் குறுநாடகங்களாலும் தொடுக்கப்பட்ட மாலை என்பது விளங்கும். கட்டியக்காரன் வருகை, வசந்தவல்லி பந்தாடல், இறைவன் உலாக் கண்டு மயங்கல், திங்களையும் தென்றலையும் மன்மதனையும் நோக்கிப் புலம்பல், குறத்தி வருகை, குறி கூறல், சிங்கன் புள் பிடித்தல், சிங்கியைத் தேடல், இருவரும் கூடல் என அமையும் பகுதிகளுள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கவல்லது. மதுரை நாயக்கர் மன்னர் இந்நூலைப் பாராட்டி நிலம் வழங்கினர் என்றும், அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது என்றும் வழங்கும் செய்தி பலரும் அறிந்ததே.

வசந்தவல்லி திங்களை நோக்கிப் பேசும் பகுதி தூய தனிமொழி. கேட்போன் வானிலுள்ளான், மறுமொழி கூறான். அம்மௌனமே அவள் பேச்சை மேன்மேலும் தூண்டுகின்றது. கெஞ்சலும் சினமும் ஏளனமும் ஒருவர் வாயிலேயே மாறி மாறி எழுதல் நடிப்போர்க்கு நல்விருந்தாகும்.

குறத்தி கூறும் மலைவளமே இங்குச் சிறப்பாக ஆராயத்தக்கது. பள்ளி மாணவர்க்கான செய்யுட்டிரட்டுகளில் இப்பகுதி இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டாகப் பன்முறை சேர்க்கப்பட்டுள்ளது. அவ்வாறு தனித்தெடுத்துக் கற்பிக்கும்போது பேசுவோள் மறைகின்றாள்; கேட்போள் மறைகின்றாள்; அருவியும் மந்தியும் மட்டுமே எஞ்சுகின்றன. நாடகத்திலோ, மலைவளத்தை வினவுபவள் செல்வமகளாகிய வசந்தவல்லி. விடை கூறுபவள் குறி சொல்லிப் பிழைக்கும் பெண். தான் ஊர்சுற்றி இரப்பவள் அல்லள், பெருநிலத்திற்கு உரியவள் என்பதை முதற்கண் நிலைநாட்டினாலன்றித் தன் குறி மதிக்கப்படாது என்பதனை அவள் நன்கறிவாள். ஆதலின் அவள் கூறும் மலைவளம் வருணனை மட்டுமன்று. தன்னை அறிமுகம் செய்து கொள்ளும் தொழில் திறமும் ஆகும்.

அடுத்து அவள் பிற மலைகளையெல்லாம் தன் சுற்றத்தார்க்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகின்றாள். கொல்லிமலை தங்கையுடையது, பழனிமலை கணவனுக்குக் காணி, நாஞ்சில் நாட்டு வேள்விமலை தோழியினுடையது. இவ்வாறு உரிமை கூறும் அவள் கையில் உள்ளது ஒரு கூடையும் கோலுமே. கூறும் செல்வத்திற்கும் காணும் வறுமைக்கும் இடைப்பட்ட தொலைவிலேயே நகையும் இரக்கமும் பிறக்கின்றன. செய்யுளியலார் கூறிய ‘எச்சம்’ இதுவே. கூற்று எனக் கொண்டு கற்றார்க்கே இந்நயம் கிட்டும். வருணனை எனக் கொண்டார்க்குக் கிட்டாது. பாராட்டு நெறி பிழைபடுமாயின் நூலின் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சிங்கனும் சிங்கியும் உரையாடும் இறுதிப் பகுதி முற்றுப்பெற்ற ஓரங்க நாடகம். தன்னிடம் சொல்லாமல் எங்குச் சென்றாய் என அவன் வினவுகின்றான். குறி சொல்லச் சென்றேன் என அவள் விடுக்கின்றாள். அவள் மேனியிற் புதியனவாகக் காணும் அணிகளை அவன் அறியான். காலிற் கிடக்கும் சிலம்பினை விரியன் பாம்பென மருள்கின்றான். சேலத்து நாட்டிற் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என அவள் தெளிவிக்கின்றாள். ஒவ்வோர் அணியும் ஒரு வினா. ஒவ்வொரு விடையும் அவள் சென்று மீண்ட ஒரு நாடு. மேற்போக்கில் இது நகைச்சுவை. உள்ளே ஓடுவதோ, பிரிந்து சென்ற மனைவி பொருளோடு மீண்டமை கண்ட கணவனின் ஐயம். ஐயம் எழுதல், வளர்தல், தெளிதல், கூடல் என்னும் நான்கு நிலையும் சில பாடல்களுள் நிறைந்து விடுகின்றன. இரண்டே மாந்தர், ஓரிடம், இடையறாத ஒரு பொழுது என்னும் இவ்வமைப்பு எக்காலத்து ஓரங்க நாடகத்திற்கும் முன்மாதிரி ஆகத்தக்கது.

5. மேடையும் வானொலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் புது வடிவங்களை நாடியது. 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சென்னையிற் சுகுணவிலாச சபை தோன்றியது. பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை யாத்தார். இலக்கணம் வகுத்தவரே நாடகங்களும் எழுதி, அவற்றில் வேடம் புனைந்து நடித்தார் என்பது கருதத்தக்கது. தொழில் அறிந்தோர் வகுத்த இலக்கணம் அது.

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ தம் சபைத் தோழர்களின் நடிப்பையும் பிற குழுக்களின் நாடகங்களையும் நினைவுகூரும் பெருந்தொகுதி. ஆமிலெத்து நாடகத்தை அவர் ‘அமலாதித்யன்’ எனத் தமிழாக்கினார். தனிமொழியைத் தமிழ் மேடையிற் பேசிக் காட்டவேண்டிய இடர் அவர்முன் நேரே நின்றது.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வேறொரு நெறியினர். அவர் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்த வரலாற்றை, அதில் அபிமன்யுவாக நடித்த தி. க. சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யிற் பதிந்துள்ளார். அச்செய்தியில் விரைவினை மட்டும் வியந்து நிற்றல் போதாது. குறிப்பிட்ட ஓர் இளம் நடிகனின் குரலுக்கும் அகவைக்கும் ஏற்பக் கூற்றுகள் அமைக்கப்பட்டன என்பதே அதன் உட்பொருள். சுவாமிகளின் பாடங்களைக் கொண்டு நடந்த ‘ஸ்பெஷல் நாடகம்’ பல ஊர் நடிகரை ஒத்திகையின்றி ஒரே மேடையிற் சேர்த்தது. ஒருவர் பேசும் தனிமொழியையும் பாடும் பாட்டையும் எதிரே நிற்பவர் அக்கணமே எடைபோட்டு, அதற்கு ஈடாக விடுத்தாக வேண்டும். தென்காசிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) இத்தகைய மேடையிற் புகழ் பெற்றவர். அம்மேடையில் உடன்கலைஞர் பாராட்டு, விடுக்கும் மறுமொழியின் தரத்தால் வெளிப்பட்டது.

வானொலி வந்தபின் நிலை மேலும் மாறியது. சென்னை நிலையம் 1938-இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இலும், திருநெல்வேலி நிலையம் 1963-இலும் ஒலிபரப்பத் தொடங்கின. திரையும் உடையும் ஒளியும் நீங்க, குரல் ஒன்றே எஞ்சியது. காலமும் நாழிகைக் கணக்கிற் சுருங்கியது. குறுநாடகமும் தனிமொழியும் தமக்கு இயல்பான இடத்தை அங்குப் பெற்றன.

ஈழத்திலும் இவ்வுணர்வு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினின்றே எழுந்தமை நமக்குப் பெருமை தருவது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) ‘நானாடகம்’ (1940), ‘இருநாடகம்’ (1952) என்னும் தொகுதிகளில் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கினை மேடைக்குக் கொணர்ந்தார். அதற்கு முன்னரே விபுலாநந்த அடிகள் தம் ‘மதங்கசூளாமணி’யிற் (1926) செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பவைத்துச் சுவைத்துக் காட்டியிருந்தார்.

6. வட்டத்தொட்டி

மீண்டும் சாரலுக்கு வருவாம். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் நடத்திய ‘வட்டத்தொட்டி’ என்னும் கூட்டமும், பின்னர்க் குற்றாலத்தில் அவர் இல்லத்தில் தொடர்ந்த உரையாடல்களும் தமிழ்ச் சுவைஞர் நன்கறிந்தவை. பாடலை மீண்டும் மீண்டும் வாய்விட்டு ஓதுதலும், அது பேசும் குரலைக் காதாற் பிடித்தலும் அவர் நெறி. குறவஞ்சியும் அங்குக் குரல் பெற்றது.

அவர் நெறியில் ஒரு குறையும் உண்டு. தம் செவிக்கு ஒவ்வாதனவற்றை இடைச்செருகல் எனத் தள்ளியமையைப் புலவர் பலர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஒரு பாடலைத் தனியே எடுத்துச் சுவைப்போர்க்கு, அப்பாடல் நிற்கும் நாடகச் சூழல் மறைதல் கூடும். இக்குறையை நிறைவு செய்யத்தக்கோர் அவர் நட்பு வட்டத்திலேயே இருந்தனர். அ. சீனிவாசராகவன் (1905–1975), இந்திரசித்தன் வேள்வி செய்த இடத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட ‘நிகும்பலை’யும் ‘அவன் அமர’னும் எழுதிய நாடக ஆசிரியர். நீதிபதி எஸ். மகராசன் ஆமிலெத்தையும் இலியர் அரசனையும் தமிழாக்கியவர். மீ. ப. சோமு வானொலியிற் பணியாற்றிக் குரலின் ஆற்றலை அறிந்தவர். பாட்டின் செவிச்சுவையில் தோய்ந்த இவர்கள் நாடகப் பேச்சின் அருமையையும் எழுதிக் கண்டவர்கள். ஆமிலெத்தின் தனிமொழிக்குச் சம்பந்த முதலியார் மேடை நோக்கித் தந்த தமிழையும், மகராசன் செவி நோக்கித் தந்த தமிழையும் ஒப்பவைத்து ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும். முன்னவர் பாடத்தை இழித்தன்று, அதற்கு மற்றொரு குரல் தந்தே பின்னவர் பாராட்டினார் எனல் பொருந்தும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. குறுநாடகமும் தனிமொழியும் தமிழிற் புதியன அல்ல; கூற்று என்னும் பெயரால் அவை நெடிது வாழ்ந்தன. அவற்றைப் பாராட்டுதற்குப் பொருந்திய அளவுகோல் பேசுவோர், கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவே. அவ்வளவுகோலை இயல்பாகக் கையாண்டோர் உடன்கலைஞரே. நன்னூலார் உடன்கற்றோற்கு அளித்த உரிமை இவர்பாற் பொருளுடைத்தாயிற்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுமாயின் இழப்புப் பெரிது. பெருநாடகம் அச்சேறிப் பிழைக்கும். குறுநாடகமோ கையெழுத்துப் படியிலும், கோயிற்கொடைக்கு எழுந்த மேடையிலும், ஒரு முறை ஒலித்து மறைந்த குரலிலும் வாழ்வது. அதனை எழுதியோரும் பேசியோரும் மறைந்தால் அதுவும் உடன் மறையும். குத்துக்கல்வலசை போன்ற சிற்றூர்களிலிருந்து பணியைத் தொடங்குதல் தகும். ஊரில் நடிக்கப்பெற்ற நாடகங்களின் கையெழுத்துப் படிகளைத் தொகுத்தல், நடித்த முதியோரின் தனிமொழிகளை அவர்தம் குரலிலேயே பதிதல், ஒவ்வொன்றிற்கும் நன்னூலார் கூறிய எட்டுச் செய்திகளையும் குறித்தல் ஆகிய மூன்றும் ஒரு மாணாக்கன் ஓராண்டிற் செய்யத்தக்கனவே. புகழ்மொழி ஒன்றும் வேண்டா. யார் கூற்று, யார் கேட்டனர், என்ன எஞ்சியது என எழுதிவைத்தால் அதுவே அவர்க்கு நாம் செய்யும் சிறப்புப்பாயிரம் ஆகும்.